பணம் வந்துவிட்டது என்கிறது கல்லூரி, பாஸ்புக்கில் எதுவும் இல்லை

கடிதம் எழுதியவர் மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர். பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அவர் நான்கு பக்கங்களில் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவர். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கலந்தாய்வு மூலம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற்றவர். தந்தை கட்டட வேலைக்குப் போகிறார். மாணவர் விடுதியில் தங்கவில்லை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். சென்ற ஆண்டுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) கல்வி உதவித்தொகையில் முதலில் 22,800 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. அதை அப்படியே எடுத்துக் கல்லூரி அலுவலகத்தில் கட்டினார். நோட்டில் கிழித்த ஒரு தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து, உடன் படிக்கும் நண்பர்களுக்கு இரண்டாவது தவணையாக 34,200 ரூபாய் வந்தது. இவருக்கு வரவில்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதந்தோறும் வந்த 1,000 ரூபாயும் ஆகஸ்ட் முதல் நின்றுவிட்டது. இரண்டு உதவியும் ஒருவருக்குக் கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி, அதை அப்படியே விட்டுவிட்டார்.

கல்லூரி அலுவலகத்திலோ, ‘பணம் வந்துவிட்டது என்று கணினி காட்டுகிறது, நீதான் செலவு செய்துவிட்டாய். 34,200 ரூபாயைக் கட்டினால்தான் ஹால் டிக்கெட்’ என்கிறார்கள். முதலாண்டில் வாங்கி வைத்த பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ்கள் இன்னமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. இனி வரும் பணத்துக்காக ஏடிஎம் கார்டையும், அதன் ரகசிய எண்ணையும், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட ஒரு காசோலையையும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். வங்கி ஊழியரோ கல்லூரிக்காரரோ பணத்தை எடுத்துவிட்டதாக மாணவர் சந்தேகப்படுகிறார். மாமா மூன்று வட்டிக்குக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தந்தை, ‘படித்தது போதும், வந்துவிடு’ என்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: ‘அந்தப் பணம் கிடைத்தால், என் படிப்புக்காக அடகு வைத்த அம்மாவின் சங்கிலியை முதலில் மீட்டுவிட்டு, கல்லூரிக்குப் பிறகு கட்டலாமா?’

தம்பி, முதலில் மூச்சு விடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பணத்தை யாரும் திருடியதாக எனக்குத் தோன்றவில்லை. அது வேறொரு கணக்கில் உங்கள் பெயரிலேயே கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்க வைத்தது, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. ஜூலையில் ஒரு கூரியர் நிறுவனத்தில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்ததாகவும், சம்பளத்துக்காகச் செல்போன் கடையில் கைரேகை வைத்து ஒரு பேமென்ட்ஸ் வங்கியில் (கடன் தராமல், சேமிப்பும் பணப் பரிமாற்றமும் மட்டும் செய்யும் வங்கி) கணக்கு தொடங்கியதாகவும், இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டுச் செயலியையும் நீக்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். ஜூலையில் புதுக் கணக்கு, ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் நின்றது, பிறகு உதவித்தொகையின் இரண்டாம் தவணையும் வரவில்லை. இவை மூன்றும் தனித்தனிச் சம்பவங்கள் அல்ல என்பது என் கணிப்பு.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணுக்குத்தான் பணம் வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலான மாணவர்களும், கல்லூரி எழுத்தர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம் அப்படி வருவதில்லை. அரசு அனுப்பும்போது பார்ப்பது உங்கள் ஆதார் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு எந்த வங்கி என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பதிவேட்டில் இருக்கும். ஒரு ஆதார் எண்ணுக்கு அதில் ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும், கடைசியாகப் பதிந்த வங்கியே நிற்கும். வீடு மாறியவர் தபால் நிலையத்தில் புது முகவரி கொடுத்துவிட்டால், பழைய முகவரி எழுதிய கடிதமும் புது வீட்டுக்கே போய்ச் சேர்வதைப் போல.

‘என் பழைய கணக்கிலும் ஆதாரை இணைத்திருக்கிறேனே’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அது வங்கி உங்களை அடையாளம் காண வாங்கிக்கொண்ட ஆவணம். நான்கு வங்கிகளில் கணக்கு இருந்தால் நான்கிலும் ஆதாரைக் கொடுத்திருக்கலாம். அரசின் மானியமும் உதவித்தொகையும் இங்கே வரட்டும் என்று ஒப்புதல் தந்து அந்தப் பதிவேட்டில் ஏற்றுவது வேறு வேலை. வங்கியில் அதை ஆதார் சீடிங் என்பார்கள். செல்போன் கடையில் கைரேகை வைத்தபோது, அந்தச் சின்னத் திரையில் வந்த ஒப்புதல்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். படித்துப் பார்க்க யார் அவகாசம் தருகிறார்கள்? 2017-இல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் இதே போல் நடந்து, சிம் கார்டைச் சரிபார்க்கப் போன ஏராளமானோரின் சமையல் எரிவாயு மானியம் அவர்கள் அறியாமலேயே புதுக் கணக்குகளில் விழுந்தது. ஆதார் ஆணையம் தலையிட வேண்டியிருந்தது. ஆகவே இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆதார் ஆணையத்தின் ‘மை ஆதார்’ தளத்தில் உங்கள் எண்ணையும், செல்போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொடுத்து உள்ளே போனால், வங்கி சீடிங் நிலையைக் காட்டும் பகுதி இருக்கும். எந்த வங்கி, இணைப்பு செயலில் இருக்கிறதா, எந்தத் தேதியில் பதியப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். அந்தப் பேமென்ட்ஸ் வங்கியின் பெயரும் ஜூலை மாதத் தேதியும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரியில் அது உங்களுக்குச் சாட்சி. பிறகு ஆதாரோடும் பான் கார்டு இருந்தால் அதோடும் அந்த வங்கியின் சேவை மையத்துக்குப் போய்க் கணக்கைத் திரும்ப இயங்கச் செய்யுங்கள். பணம் அங்கே இருந்தால் அது உங்களுடையதுதான், உங்கள் பழைய கிராமத்து வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அங்கேயும் இல்லை என்றால்? கணக்கு முடக்கப்பட்டோ மூடப்பட்டோ இருந்திருந்தால், பணம் அதில் ஏற முடியாமல் துறைக்கே திரும்பியிருக்கும். அப்போதும் அது தொலைந்ததாக ஆகாது. சீடிங்கைச் சரிசெய்துவிட்டு, கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் நோடல் அலுவலர் வழியாகவும், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு நேரடியாகவும் மறுபடி அனுப்பக் கோரி மனுக் கொடுக்க வேண்டும். ‘கணினி காட்டுகிறது’ என்று கல்லூரி சொல்கிறதல்லவா, அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பப்பட்டது, அது ஏறியதா திரும்பியதா என்ற விவரம்தான் இப்போது தேவை. இந்தச் சோதனையை முடிக்கும் வரை வங்கி ஊழியர் மீதோ கல்லூரி மீதோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டாம்.

இரண்டு தவணை ஏன், அதில் உங்கள் பங்கு எவ்வளவு?

கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இந்தக் கணக்குதான். கல்லூரி உங்களிடம் கேட்பது 34,200 ரூபாய். நீங்கள் தர வேண்டியது அவ்வளவு இல்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்த உதவித்தொகை 1944 முதல் இருந்து வருகிறது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதன் நிதிப் பங்கீட்டை ஒன்றிய அரசுக்கு 60, மாநில அரசுக்கு 40 என்று மாற்றியது. 2021-22 கல்வியாண்டு முதல் ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருகிறது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகுதான் ஒன்றியப் பங்கு வரும். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழுவது சாதாரணம். ‘பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்தார்கள், மீதியை யாரோ பிடித்துக்கொண்டார்கள்’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்குப் பதில் இதுதான். உங்களுக்கு முதலில் வந்த 22,800 ரூபாய், 57,000-இல் சரியாக 40 சதவீதம். வராமல் நிற்கும் 34,200 மீதி 60 சதவீதம்.

சரி, கட்டணம் 50,000 தானே, 57,000 எங்கிருந்து வந்தது? அந்த 7,000 ரூபாய் கல்விப்படி. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவருக்கு ஆண்டுக்கு 7,000 ரூபாய், விடுதியில் தங்குபவருக்கு 13,500 ரூபாய். இது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம். கல்லூரிக்கு இதில் ஒரு ரூபாய்கூடச் சேராது.

ஆக, கல்லூரிக்குச் சேர வேண்டிய மொத்தம் 50,000. நீங்கள் கட்டியது 22,800. பாக்கி 27,200 ரூபாய். இரண்டாம் தவணையில் எஞ்சும் 7,000 உங்களுடையது. வகுப்பில் உள்ள மற்ற மாணவர்களிடமும் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டிருந்தால், அவர்களும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். ஒரு கட்டடத் தொழிலாளி வீட்டில் 7,000 ரூபாய் என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தமிழ்ப் புதல்வன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் 1,000 ரூபாயை வேறு உதவித்தொகை பெறுபவரும் வாங்கலாம். மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்திலும் இப்படித்தான். ஒன்றை வாங்கினால் இன்னொன்று நின்றுவிடும் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். நின்றுபோன மாதங்களின் பணமும் அந்தப் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கிலேயே இருக்கலாம், சேர்த்துப் பாருங்கள்.

ஏடிஎம் கார்டும் வெற்றுக் காசோலையும்

கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

கல்லூரிகள் ஏன் இதைக் கேட்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். முன்பு கட்டணப் பணம் கல்லூரியின் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது மாணவர் கைக்கு வருகிறது. வந்த பணத்தை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டுக் கல்லூரிக்குக் கட்டாமல் போனவர்களும் இருக்கிறார்கள். நிர்வாகத்தின் அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து உங்கள் கணக்கின் சாவியை அவர்கள் மேசையில் வைப்பது அல்ல.

கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்தால், அவர்கள் 27,200 எடுக்கிறார்களா 34,200 எடுக்கிறார்களா என்பது உங்கள் கையில் இல்லை. பிறகு ஏதாவது தவறு நடந்து வங்கியில் முறையிட்டால், ரிசர்வ் வங்கியின் விதி குறுக்கே நிற்கும். ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் இழப்பு முழுவதும் அவருடையது என்கிறது அது. காசோலை இன்னும் ஆபத்து. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையில் தொகையை நிரப்பச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் கணக்கில் 300 ரூபாய் இருக்கும்போது யாராவது அதில் 50,000 எழுதி வங்கியில் போட்டுத் திரும்பிவிட்டால், மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் உங்கள் மீது குற்ற வழக்குத் தொடர வழி உண்டு. இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய பிரிவு அது. அந்த வழக்கில் வாதாட உங்களுக்கு நியாயங்கள் இருக்கும். ஆனால் இருபது வயதில் வேலை தேடும் நேரத்தில் நீதிமன்றப் படியேறி வாதாட வேண்டிய நிலை எதற்கு?

அதற்குப் பதிலாக, பணம் வந்ததும் கட்டணப் பகுதியைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு இணைய வழியாகவோ சலான் மூலமாகவோ செலுத்துவதாக எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தபடி செய்யுங்கள். ரொக்கமாகக் கட்டவே கட்டாதீர்கள். முன்பு கட்டிய 22,800-க்கு முத்திரையுள்ள ரசீதை இப்போதே கேட்டு வாங்குங்கள். அந்தக் கிழித்த தாளை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், உங்களிடம் உள்ள ஒரே எழுத்துச் சான்று அதுதான். பழைய கணக்கில் அன்றைய தேதியில் பணம் எடுத்த பதிவும் இருக்கும், பாஸ்புக்கில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தாளோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழும் ஹால் டிக்கெட்டும்

இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் பக்கம் உறுதியானது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும், கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது, அது சந்தைப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆகவே ‘கட்டிவிட்டு வாங்கிக்கொள்’ என்றால் அதை ஏற்கத் தேவையில்லை.

ஹால் டிக்கெட் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர், பணம் வந்த பிறகு கட்டுகிறேன் என்ற உறுதியோடு முன்கட்டணம் இல்லாமல் சேர்வதற்காக ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்பது குறித்து 2012-இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த அரசாணை எண் 92-உம் உண்டு. பணம் இன்னும் வரவில்லை என்ற நிலையில் இவை உங்களுக்கு வலுவான துணை. ஆனால் பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கில் ஏறிய பிறகும் நீங்கள் கட்டவில்லை என்றால், கல்லூரியின் வாதத்துக்கும் எடை வந்துவிடும். அதனால்தான் முதலில் பணத்தைக் கண்டுபிடியுங்கள் என்கிறேன். தேர்வு நெருங்கிய நேரத்தில் உயர் நீதிமன்றம் இடைக்கால அனுமதி தருவதுண்டு, ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டிய கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

‘சென்ற ஆண்டுக்கான கல்வி உதவித்தொகையின் இரண்டாம் தவணை, ஆதார் இணைப்பு மாறியதால் நான் விண்ணப்பத்தில் கொடுத்த கணக்குக்கு வரவில்லை. இணைப்பு நிலையின் நகலை இணைத்துள்ளேன். பணம் கிடைத்த 7 நாட்களுக்குள் கட்டண பாக்கி 27,200 ரூபாயைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுவேன். அதுவரை ஹால் டிக்கெட்டை நிறுத்தாமல் வழங்கும்படியும், ஏற்கெனவே செலுத்திய 22,800 ரூபாய்க்கு ரசீதும், என் அசல் சான்றிதழ்களும் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் ‘பெறப்பட்டது’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வரவில்லை என்றால் அடுத்த படி கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு. மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அல்லது பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவராவது அதில் இடம்பெற வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைப்பதும் உதவித்தொகைத் தாமதமும் அதன் வரம்புக்குள் வரும் குறைகள். குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்களுக்குத் தேர்வு நெருங்குவதால் இதற்காகக் காத்திருக்காமல், திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். வழக்குத் தொடர வேண்டி வந்தால், பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு நேரில் போகலாம்.

‘புகார் கொடுத்தால் உதவித்தொகையையே நிறுத்திவிடுவார்களோ’ என்று அப்பா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். உதவித்தொகையை வழங்குவது அரசு, கல்லூரி அல்ல. உங்கள் படிப்பையும் வருகையையும் சரிபார்த்துத் தருவதுதான் கல்லூரியின் வேலை. அதை வேண்டுமென்றே தாமதப்படுத்தினால் அதுவே புதிய குறையாகும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: தினமும் அதே அலுவலகத்தில்தான் நீங்கள் நிற்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் கோபம் வேண்டாம், கணக்கு மட்டும் இருக்கட்டும். அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் அப்பாவையோ உங்களை மதிக்கும் ஒரு பேராசிரியரையோ உடன் அழைத்துப் போங்கள்.

கடனும் சங்கிலியும்

மாமாவின் மனசு நல்ல மனசுதான். ஆனால் மூன்று வட்டி என்றால் 34,200 ரூபாய்க்கு மாதம் 1,026 ரூபாய். தமிழ்ப் புதல்வன் பணம் முழுவதையும் கொடுத்தாலும் வட்டிக்கே 26 ரூபாய் குறையும், அசல் அப்படியே நிற்கும். உங்களுடையது என்று அரசு ஒதுக்கிய பணம் எங்கோ ஒரு கணக்கில் கிடக்கும்போது, அதைத் தேடிப் பார்க்காமல் இந்தக் கடனை வாங்கவே கூடாது.

அம்மாவின் சங்கிலி பற்றி நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். அந்த ஆசை நியாயமானது. ஆனால் கட்டணப் பகுதியில் கை வைக்காதீர்கள். இன்று கல்லூரி உங்கள் மீது சொல்வது பொய்க் குற்றச்சாட்டு. சங்கிலியை மீட்க அந்தப் பணத்தை எடுத்த மறுநாள் அது உண்மையாகிவிடும். நீங்கள் கேட்கும் ரசீது, சான்றிதழ், ஹால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பதில் கிடைத்துவிடும். கல்விப்படியான 7,000 ரூபாயும், தமிழ்ப் புதல்வனில் சேர்ந்திருக்கும் மாதப் பணமும் உங்களுக்கே உரியவை. அதிலிருந்து அடகுக் கடையில் வட்டியைக் கட்டிச் சங்கிலி ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள முடியும். மீட்பதற்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகட்டும், அம்மாவிடம் கணக்கைச் சொல்லிவிடுங்கள், அவருக்குப் புரியும்.

படிப்பை நிறுத்துவது பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: இன்னும் ஒன்றரை ஆண்டுதான். இப்போது விலகினால் கட்டண பாக்கி தீராது, அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகை போய்விடும், பட்டமும் கிடைக்காது. 27,200 ரூபாய்ப் பிரச்சினைக்கு அது தீர்வாகாது.

வங்கியில் ஒரே நடையில் முடிக்க வேண்டியவை

கிராமத்து வங்கிக் கிளைக்கு ஆதார், பாஸ்புக், இரண்டு புகைப்படத்தோடு போங்கள். அரசின் நேரடிப் பணப் பரிமாற்றம் இந்தக் கணக்குக்கு வர ஒப்புதல் தரும் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். ஆதார் இப்போது வேறு வங்கியில் சீடிங் ஆகியிருக்கிறது, அங்கிருந்து இங்கே மாற்ற வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லி, படிவத்திலும் அந்த வங்கியின் பெயரை எழுதுங்கள். ‘ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கிறது’ என்று கவுன்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மை ஆதார் தளத்தின் படத்தைக் காட்டுங்கள். சில நாள் கழித்து அதே தளத்தில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் மறுபடி போய்க் கேளுங்கள்.

இந்தக் கணக்கு பள்ளியில் படிக்கும்போது தொடங்கியது என்கிறீர்கள். அப்படியானால் 18 வயதான பிறகு புதுக் கையெழுத்து மாதிரியும் ஆவணங்களும் வாங்கிப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். அது ‘சிறு கணக்கு’ வகையாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவும், ஒரே நேரத்தில் 50,000-க்கு மேல் இருப்பும், மாதம் 10,000-க்கு மேல் எடுக்கவும் அனுமதி இல்லை. 27,200 ரூபாயைக் கல்லூரிக்கு அனுப்பப் போகும் நாளில் அது முட்டிக்கொண்டு நிற்கும். முழு ஆவணம் கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு, அதையே கேளுங்கள்.

இனிமேல் யார் கைரேகை கேட்டாலும், அது சிம்முக்கானாலும் வேலைக்கானாலும், மானியம் இந்தக் கணக்குக்கு மாற ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கணக்கைச் சில நாள் பயன்படுத்திக்கொள்கிறேன், கமிஷன் தருகிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மோசடிப் பணம் அதில் ஏறினால் காவல் துறை கணக்கை முடக்கும், உங்கள் உதவித்தொகையும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இன்று இரவே மை ஆதார் தளத்தைப் பாருங்கள். நாளை பேமென்ட்ஸ் வங்கியின் மையம், அடுத்த நாள் கிராமத்து வங்கி, அன்றே முதல்வருக்குக் கடிதம். அந்தப் பேமென்ட்ஸ் வங்கியில் பணம் இல்லை என்று தெரியவந்தால், கல்லூரி காட்டும் கணினிப் பக்கத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கான மனுவை அதை வைத்து நானே எழுதித் தருகிறேன்.